பேரனுக்குச் சொன்ன பிழையும் ஒரு வெள்ளை விமானமும்

கடந்த வருடம் மகளின் வீட்டில், பேர்மிங்ஹாமில், சில மாதங்கள் தங்கியிருந்தேன். பதினொரு வயதுப் பேரனுக்கு விமானம் என்றால் பைத்தியம். ஒரு சனிக்கிழமை காலையில், "மூத்தப்பா, கொஸ்ஃபோர்ட் மியூசியத்துக்குப் போவமா? டிக்கட் எடுக்கத் தேவல்ல, சும்மா பாக்கலாம்" என்றான். வுல்வர்ஹாம்ப்டனிலிருந்து ஷ்ரூஸ்பரி போகும் ரயில் பாதையில் கொஸ்ஃபோர்ட் ஒரு சின்ன ஸ்டேஷன். இறங்கிக் கொஞ்சத் தூரம் நடந்தால் றோயல் விமானப்படை அருங்காட்சியகம். அங்கே பனிப்போர் காலத்து விமானங்களுக்கென்றே 2007இல் திறந்த பெரிய மண்டபம் ஒன்று இருக்கிறது.

அதற்குள் ஒரு விமானம் முழு வெள்ளையாக நின்றது. மூக்கிலிருந்து வால் வரை 33 மீற்றர், சிறகு விரிவு கிட்டத்தட்ட 35 மீற்றர். பெயர் விக்கர்ஸ் வேலியன்ட், இலக்கம் எக்ஸ்டி 818. வேலியன்ட் என்ற பெயரைப் பார்த்ததும் எனக்கு 1956 நினைவுக்கு வந்துவிட்டது. அப்போது எனக்கு எட்டு வயது. வாப்பாவின் கடையில் இருந்த ரேடியோவைச் சுற்றி ஊர்ப் பெரியவர்கள் நின்று சூயஸ் செய்தி கேட்டது இன்றும் கண்ணில் நிற்கிறது. கடைச் சுவரில் ஜமால் அப்துல் நாசரின் படம் தொங்கியது. அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகளில் எங்கள் தெருவில் மட்டும் இரண்டு நாசர்கள்.

"மகன், இந்தப் பிளேன்தான் எகிப்துக்குக் குண்டு போட்டது" என்று பேரனிடம் சொன்னேன். அவன் ஒன்றும் பேசவில்லை. இரண்டு நாள் கழித்து, கையில் ஒரு புத்தகத்தோடு வந்தான். "மூத்தப்பா, நீங்க சொன்னது பிழை. இந்தப் பிளேன் சூயஸுக்குப் போகவே இல்ல."

"அப்ப எங்க போனது?"

"நீங்களே வாசிங்க."

வாசித்தேன். அவன் சொன்னது சரி. ஆனால் வாசித்து முடித்தபோது, எகிப்துக்குப் போயிருந்தால் பரவாயில்லையே என்று ஒரு கணம் நினைக்கும்படி இருந்தது அந்த விமானம் போன இடம். எனக்கு வந்த அந்த மயக்கம் நம்மில் பலருக்கும் வரலாம். ஆகவே அதன் சேவை வரலாற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

வேலியன்ட் ஏன் செய்யப்பட்டது

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் பிரித்தானியா தனக்கென்று அணுகுண்டு வேண்டும் என்று தீர்மானித்தது. குண்டு இருந்தால் போதாது, அதைச் சோவியத் ஒன்றியம் வரை கொண்டுபோக விமானமும் வேண்டும். அதற்காக மூன்று வகை ஜெட் குண்டுவீச்சு விமானங்கள் உருவாகின: வேலியன்ட், வல்கன், விக்டர். மூன்றின் பெயரும் ஆங்கில 'வி' எழுத்தில் தொடங்குவதால் அவற்றை 'வி' விமானங்கள் என்பார்கள். மூன்றையும் ஒரே கூரையின் கீழ் இன்று கொஸ்ஃபோர்டில் மட்டும்தான் பார்க்கலாம்.

மூன்றில் முந்தியது வேலியன்ட். விக்கர்ஸ் கம்பனியில் ஜோர்ஜ் எட்வர்ட்ஸின் தலைமையில் வடிவமைக்கப்பட்டு, 1951 மே 18இல் முதன்முறை பறந்தது. மற்ற இரண்டையும் விட எளிமையான வடிவம், அதனால் சீக்கிரம் தயாரானது. நான்கு ரோல்ஸ் ரொய்ஸ் ஏவன் எஞ்சின்களைச் சிறகின் அடிப்பகுதிக்குள்ளேயே புதைத்து வைத்திருந்தார்கள். ஐந்து பேர் போவார்கள். ஆபத்து வந்தால் ஆசனத்தோடு வெளியே வீசப்படும் வசதி முன்னால் இருந்த இரண்டு விமானிகளுக்கு மட்டுமே இருந்தது. பின்னால் இருந்த மூவரும் பக்கத்துக் கதவால் குதிக்க வேண்டும். 1955இல் சேவைக்கு வந்தது. மாதிரி விமானங்களையும் சேர்த்து மொத்தம் 107 கட்டினார்கள்.

சூயஸுக்குப் போனவை

1956 ஜூலையில் நாசர் சூயஸ் கால்வாய் நிறுவனத்தைத் தேசியமயமாக்கினார். ஒக்டோபர் கடைசியில் இஸ்ரேல் சினாயில் புகுந்தது. ஒக்டோபர் 31 இரவு பிரித்தானியக் குண்டுவீச்சு விமானங்கள் எகிப்தின் விமானத் தளங்களைத் தாக்கத் தொடங்கின. மோல்டாவின் லூக்கா தளத்திலிருந்து எழுந்தவற்றில் வேலியன்ட்களும் இருந்தன. வேலியன்ட் தன் வாழ்நாளில் உண்மையான போரில் குண்டு போட்டது அந்த ஒரு தடவைதான்.

முதல் இரவின் இலக்குகளில் ஒன்று கெய்ரோ மேற்கு விமானத் தளம். அதை ஒட்டிய பாதையால் அமெரிக்கப் பிரஜைகள் வெளியேறிக்கொண்டிருப்பதாக லண்டனுக்குத் தகவல் வந்ததும், விமானங்கள் போய்க்கொண்டிருக்கும்போதே அந்தத் தாக்குதலை நிறுத்தினார்கள். அதே பாதையில் எகிப்தியர் மட்டும் போயிருந்தால் நிறுத்தியிருப்பார்களா என்று வாப்பா உயிரோடு இருந்திருந்தால் கேட்டிருப்பார்.

இராணுவக் கணக்கில் பார்த்தாலும் அது பெரிய வெற்றி அல்ல. வேலியன்ட்கள் சுமார் 850 தொன் குண்டு போட்டன. தாக்கிய ஏழு தளங்களில் மூன்றுதான் பெரிதாகச் சேதமடைந்தன. பல வேலியன்ட்களில் புதிய குண்டுவீச்சுக் கருவிகள் இன்னும் சரிவரப் பொருத்தப்படவில்லை. பழைய போர்க்கால முறையிலேயே குறி பார்த்தார்கள். எகிப்திய விமானங்களைத் தரையிலேயே அழித்த வேலையைப் பெரும்பாலும் செய்தவை தாழப் பறந்த சிறு போர் விமானங்கள். உலகம் எதிர்த்து நின்றது, அமெரிக்காவும் சேர்ந்து நெருக்கியது. சில நாட்களில் யுத்தம் நின்றது. சில வாரங்களில் பிரதமர் ஏடனின் பதவியும் போனது. நமது நாட்டிலும் பண்டாரநாயக்க அரசாங்கம் அந்தப் படையெடுப்பைக் கண்டித்தது. அடுத்த வருடமே கட்டுநாயக்கவும் திருகோணமலையும் பிரித்தானியரிடமிருந்து நம் கைக்கு வந்தன.

எக்ஸ்டி 818 அந்தத் தாக்குதலில் இல்லை. 1956இன் கடைசியில்தான் அது விட்டரிங் தளத்தில் இருந்த 49ஆவது ஸ்குவாட்ரனுக்குக் கையளிக்கப்பட்டது. அந்த அணிக்கு ஒதுக்கியிருந்த வேலை வேறு.

1957 மே 15

1954இல் சேர்ச்சிலின் அமைச்சரவை ஐதரசன் குண்டு செய்ய முடிவெடுத்தது. அமெரிக்காவிடமும் சோவியத்திடமும் அது இருந்தது. பிரித்தானியா மூன்றாவதாக நிற்க வேண்டும். சூயஸில் பட்ட அவமானத்துக்குப் பிறகு அந்த அவசரம் கூடியது. இன்னொரு அவசரமும் இருந்தது. அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்து என்ற குரல் உலகெங்கும் உயர்ந்துகொண்டிருந்தது. 1955இல் இலங்கையும் சேர்ந்து கூட்டிய பாண்டுங் மாநாடு அதைக் கேட்டது. யப்பான் திரும்பத் திரும்பக் கேட்டது. தடை வருவதற்கு முன் வெடித்துக் காட்டிவிட வேண்டும்.

அவுஸ்திரேலியாவில் அவ்வளவு பெரிய குண்டை வெடிக்க அந்நாடு இடம் தரவில்லை. ஆகவே பசுபிக் சமுத்திரத்தின் நடுவில் கிறிஸ்மஸ் தீவைத் தெரிந்தெடுத்தார்கள். இன்று கிரிபாட்டி நாட்டுக்குச் சொந்தமான கிரிட்டிமட்டி தீவு அது. தென்னந்தோட்டங்களில் வேலை செய்த கில்பேர்ட் தீவுவாசிகள் அங்கே வாழ்ந்தார்கள். அதை விமானத் தளமாக்கி, அங்கிருந்து சுமார் 700 கிலோமீற்றர் தென்கிழக்கே இருந்த, ஆட்கள் இல்லாத மோல்டன் தீவை இலக்காக்கினார்கள். இந்த நடவடிக்கைக்கு வைத்த பெயர் கிராப்பிள்.

இந்த வேலைக்கென்று 49ஆவது ஸ்குவாட்ரனின் வேலியன்ட்கள் திருத்தி அமைக்கப்பட்டன. வெள்ளைப் பெயின்ட் அழகுக்கு அடித்தது அல்ல. வெடிப்பின் வெப்பக் கதிரை வெள்ளை நிறம் திருப்பி அனுப்பும், உலோகம் சூடேறுவது குறையும். விமானிகளின் கண்ணைக் காக்க ஜன்னல்களுக்கு உலோக மறைப்புகள் போட்டார்கள். குண்டு விழும் நேரத்தில் ஐந்து பேரும் வெளியே ஒன்றும் தெரியாத இருட்டுக்குள், கருவிகளை மட்டும் பார்த்துக்கொண்டு பறந்தார்கள்.

மே 15ஆம் திகதி எக்ஸ்டி 818 கிறிஸ்மஸ் தீவிலிருந்து எழுந்தது. ஓட்டியவர் ஸ்குவாட்ரன் தலைவர் விங் கமாண்டர் கென்னத் ஹபர்ட். வயிற்றுக்குள் சுமார் 4,500 கிலோ எடையில் ஒரே ஒரு குண்டு. மோல்டன் கரைக்கு அப்பால் கடலின் மேலே, 45,000 அடி உயரத்தில் அதை விட்டார்கள். விட்ட கையோடு விமானத்தை 60 பாகை அளவுக்குச் சாய்த்துத் திருப்பி, வந்த பக்கமாக ஓடினார்கள். குண்டு கீழே போக எடுத்தது ஒரு நிமிடத்துக்கும் குறைவு. 8,000 அடியில் அது வெடித்தது. அதிர்ச்சி அலை பின்னால் வந்து தொட்டபோது விமானம் பாதுகாப்பான தூரத்துக்குப் போய்விட்டிருந்தது.

எக்ஸ்டி 818 தன் சேவைக்காலத்தில் போட்ட அணு ஆயுதம் அது ஒன்றுதான். இன்று அதை நாம் பார்க்கக் கிடைத்திருப்பதற்கும் காரணம் அதுதான்.

சொன்னதும் நடந்ததும்

பிரித்தானியா ஐதரசன் குண்டை வெடித்துவிட்டது என்று பத்திரிகைகள் கொண்டாடின. உள்ளே இருந்த விஞ்ஞானிகளுக்கு நிலைமை வேறாகத் தெரிந்திருந்தது.

ஐதரசன் குண்டு இரண்டு கட்டங்களில் வேலை செய்யும். முதலில் ஒரு சாதாரண அணுகுண்டு வெடிக்க வேண்டும். அதிலிருந்து வரும் கதிர்வீச்சு இரண்டாவது பகுதியை நசுக்க வேண்டும். அப்போதுதான் அங்கே அணுக்கருக்கள் ஒன்றுசேர்ந்து பெரும் சக்தி பிறக்கும். 'ஷோர்ட் கிரானைட்' என்று பெயரிட்ட மே 15 குண்டு இந்த வடிவத்தில்தான் செய்யப்பட்டது. ஆனால் இரண்டாம் கட்டம் எதிர்பார்த்தபடி வேலை செய்யவில்லை. ஒரு மெகாதொன், அதாவது 1,000 கிலோதொன், வரும் என்று நம்பினார்கள். கிடைத்தது சுமார் 300 கிலோதொன்.

'வெறும் 300' என்று எழுத என் பேனை வரவில்லை. ஹிரோஷிமாவில் போட்டது சுமார் 15 கிலோதொன். தோல்வி என்று விஞ்ஞானிகள் கைபிசைந்த இந்தக் குண்டு அதைப்போல் இருபது மடங்கு.

மே 31இல் இன்னொரு வேலியன்ட் போட்ட 'ஒரேஞ்ச் ஹெரல்ட்' 720 கிலோதொன் தந்தது. அது இரண்டு கட்டக் குண்டே அல்ல, மிகப் பெரிதாக்கிய அணுகுண்டு. ஜூன் 19இல் மூன்றாவது 200 கிலோதொன்தான் தந்தது. உண்மையான மெகாதொன் குண்டு நவம்பர் 8இல்தான் வெடித்தது, 1.8 மெகாதொன். 1958 ஏப்ரல் 28இல் வெடித்தது சுமார் 3 மெகாதொன்; பிரித்தானியா என்றைக்கும் வெடித்தவற்றில் பெரியது அதுதான். அந்த இரண்டும் மோல்டனில் வெடிக்கவில்லை. நேரமும் செலவும் மிச்சம் என்று, ஆட்கள் இருந்த கிறிஸ்மஸ் தீவின் தென்கோடிக்கு அப்பால் வெடிக்கப்பட்டன.

எதற்காக இத்தனை? 1958 ஜூலையில் அமெரிக்காவும் பிரித்தானியாவும் அணு ஆயுத இரகசியங்களைப் பகிரும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. பிரித்தானியா தேடிய பரிசு அது. எக்ஸ்டி 818 தொடக்கி வைத்த ஓட்டம் அங்கேதான் முடிந்தது.

உலோகம் களைத்த கதை

கிராப்பிளுக்குப் பின் எக்ஸ்டி 818 சாதாரணக் குண்டுவீச்சு விமானமாகத் தன் அணியோடு இருந்தது. 1961இல் அணி நோஃபோக்கில் உள்ள மார்ஹாம் தளத்துக்கு மாறியது. நேட்டோ கட்டளையின் கீழ் அமெரிக்க அணுகுண்டுகளோடு தயார்நிலையில் நிற்பது இப்போது அதன் வேலை.

1960இல் சோவியத் ஏவுகணை அமெரிக்க யூ-2 வேவு விமானத்தை வீழ்த்தியதோடு, உயரத்தில் பறந்தால் தப்பலாம் என்ற நம்பிக்கை உடைந்தது. ராடாரில் படாமல் தரையை ஒட்டிப் பறக்க வேண்டும் என்று உத்தரவு. ஆனால் வேலியன்ட் செய்யப்பட்டது மேலே, மெல்லிய காற்றில் பறக்க. கீழே காற்று அடர்த்தி, குலுக்கலும் அதிகம். ஒரு கம்பியைக் கையில் எடுத்து இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று வளைத்துக்கொண்டிருந்தால், ஒரு கட்டத்தில் 'டக்' என்று முறியும் அல்லவா? சிறகைத் தாங்கும் பெரிய உத்தரங்களுக்கு அதுதான் நடந்தது. பாரத்தைக் குறைக்கவென்று தெரிந்தெடுத்த, துத்தநாகம் கலந்த அலுமினியக் கலப்புலோகம் இந்தக் களைப்பை நெடுநாள் தாங்கவில்லை.

1964 ஓகஸ்டில் பயிற்சியில் இருந்த ஒரு வேலியன்டின் பின் உத்தரம் வானத்திலேயே வெடித்தது. விமானி எப்படியோ தரையிறக்கினார். மற்றவற்றைத் திறந்து பார்த்தபோது ஒன்றன்பின் ஒன்றாக வெடிப்புகள் தெரிந்தன. திருத்தும் செலவுக்கு அரசாங்கம் ஆயத்தமாக இல்லை. 1965 ஜனவரியில் முழு வேலியன்ட் அணியும் சேவையிலிருந்து நீக்கப்பட்டது. பத்து வருடச் சேவைதான். பெரும்பாலானவற்றை வெட்டிப் பழைய இரும்புக் கணக்கில் தள்ளினார்கள். சூயஸுக்குப் போனவையும் அந்தக் குவியலோடு போய்விட்டன.

முழு உடலோடு மிஞ்சியது எக்ஸ்டி 818 ஒன்றுதான். முதல் கிராப்பிள் குண்டு போட்டது என்பதற்காக அதை மார்ஹாம் தளத்திலேயே காட்சிக்கு நிறுத்தினார்கள். 1982இல் பிரித்தெடுத்து லண்டன் ஹெண்டன் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோனார்கள். பிறகு கொஸ்ஃபோர்டின் புதிய மண்டபத்துக்கு வந்தது.

கீழே நின்றவர்கள்

விமானம் திரும்பி ஓடிவிட்டது. கீழே நின்றவர்களால் ஓட முடியவில்லை.

கப்பல்களில் பிரித்தானிய மாலுமிகள் நின்றார்கள். நியூசிலாந்தின் புகாக்கி, ரொட்டோய்ட்டி என்ற இரண்டு கப்பல்களில் ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் மாறி மாறிப் பணி செய்தார்கள். அப்போது பிரித்தானியக் குடியேற்றமாக இருந்த பிஜியிலிருந்து சுமார் 300 பேர் கொண்டுவரப்பட்டார்கள். வெடிக்கும் பக்கத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கண்ணைப் பொத்திக்கொள்ளச் சொன்னார்கள். மூடிய கண்ணுக்குள் தங்கள் விரல் எலும்புகளே தெரிந்தன என்று பலர் பின்னாளில் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். கிறிஸ்மஸ் தீவுவாசிகளைச் சில சோதனைகளின்போது கப்பல்களில் ஏற்றி, அடித்தட்டில் வைத்துப் படம் காட்டினார்கள். வெடித்து முடிந்ததும் திரும்ப அதே தீவில் இறக்கினார்கள்.

இவர்களுக்கு வந்த நோய்களுக்கும் குண்டுக்கும் தொடர்பு உண்டா என்பது அன்றிலிருந்து வழக்காகவே இருக்கிறது. பின்னாளில் பிஜியின் ஜனாதிபதியான ராட்டு பெனாயா கனிலாவ் மோல்டன் தீவுக்குப் போனவர்; 1993இல் இரத்தப் புற்றுநோயால் இறந்தார். ஒரு மனிதனின் நோயை வைத்து நாம் தீர்ப்புச் சொல்ல முடியாது. பிரித்தானிய அரசு நடத்திய ஆய்வுகள் மொத்தத்தில் புற்றுநோய் கூடியதாகக் காணவில்லை என்றன. 2007இல் நியூசிலாந்தின் மசே பல்கலைக்கழகம் தங்கள் மாலுமிகளின் இரத்தத்தைச் சோதித்தபோது, நிறமூர்த்தங்களில் வழமைக்கு மேலான சிதைவுகளைக் கண்டது. இரண்டையும் வாசகர் தெரிந்திருக்க வேண்டும்.

முன்னாள் படைவீரர்கள் நீதிமன்றம் போனார்கள். 2012இல் பிரித்தானிய உயர் நீதிமன்றத்தில் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் தோற்றார்கள். காலம் கடந்து வந்தார்கள் என்பதே முக்கிய காரணம். 2015இல் பிஜி அரசாங்கம், பிரித்தானியாவுக்காக இனியும் காத்திருக்க முடியாது என்று, உயிரோடு மிஞ்சியிருந்த தன் வீரர்களுக்குத் தானே பணம் கொடுத்தது. 2022 நவம்பரில்தான் பிரித்தானியா சோதனைகளில் பங்கேற்றோருக்கு ஒரு பதக்கம் அறிவித்தது. சோதனைகள் தொடங்கி எழுபது வருடம் கழித்து. 2023 டிசம்பரில், அணு சோதனைகளால் பாதிக்கப்பட்டோருக்கு உதவக் கோரி கிரிபாட்டியும் கசகஸ்தானும் ஐ.நா. பொதுச் சபைக்கு ஒரு தீர்மானம் கொண்டுவந்தன. எதிர்த்து வாக்களித்த ஒருசில நாடுகளில் பிரித்தானியாவும் ஒன்று. அதே வருடம் இலங்கை, அணு ஆயுதத் தடை ஒப்பந்தத்தில் சேர்ந்துகொண்டது.

பேரனுக்கு

என் பிழை எங்கே நடந்தது என்று யோசித்துப் பார்த்தேன். எகிப்து எங்கட துக்கம், அதனால் அந்தப் பெயர் உடனே வாயில் வந்தது. மோல்டன் தீவு எங்கே இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது. பிஜிக்காரரும் கில்பேர்ட் தீவுக்காரரும் எங்கள் கடை ரேடியோவில் வரவில்லை. நமக்கு நடந்ததை மட்டும் நினைவில் வைத்தால், ஒரு விமானத்தின் வரலாறுகூடப் பிழையாகத்தான் வரும்.

ஊருக்கு வருவதற்கு முந்தின கிழமை திரும்பவும் அவனோடு கொஸ்ஃபோர்ட் போனேன். வெள்ளை விமானத்துக்கு முன்னால் நின்று, இந்தத் தடவை சரியாகச் சொன்னேன். கேட்டு முடித்து அவன் கேட்டான்:

"மூத்தப்பா, அந்தத் தீவு ஆக்கள் இப்பவும் அங்கதான் இருக்காங்களா?"

"ஓம் மகன். அது அவங்கட ஊர்தானே."

அவன் ஃபோனை எடுத்து வரைபடத்தில் கிரிட்டிமட்டியைத் தேடிக் காட்டினான். நீலத்துக்கு நடுவில் ஒரு சின்னப் புள்ளி. விரலால் பெரிதாக்கினான். தென்னை மரங்கள், ஒரு பாதை, சில கூரைகள் தெரிந்தன.